பாங்காக்கில் மூன்று நாள்: ரயில், படகு, சாப்பாட்டு நேரம் பார்த்துத் திட்டமிடுவது எப்படி

பாங்காக் பயணம் சொதப்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரிகிற இரண்டு இடங்களைக் காரில் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நம்புவது. மாலை 5 மணிக்கு 4 கிலோமீட்டர் போக ஒரு மணி நேரம்கூட ஆகும். மழை பிடித்துவிட்டால் டாக்ஸியே கிடைக்காது. இந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள். ரயில் எங்கே போகிறது, படகு எங்கே நிற்கிறது, எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது என்ற மூன்றை வைத்து அளந்தால், மூன்று நாளில் நிதானமாக நிறையப் பார்க்கலாம், நிறையச் சாப்பிடலாம்.

கிளம்பும் முன்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். ஏப்ரலில் வெயில் கொளுத்தும்; 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு என்பதால் தெருவில் போகிறவர் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றுவார்கள், சிறிய கடைகள் பல மூடியிருக்கும். ஆனால் மாம்பழம் உச்சத்தில் இருப்பதும் ஏப்ரல், மே மாதங்களில்தான்.

விசா விதி உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது, அவ்வப்போது மாறவும் செய்கிறது. டிக்கெட் போடும் முன் தாய்லாந்துத் தூதரகத் தளத்தில் பாருங்கள். டிஜிட்டல் வருகை அட்டை வெளிநாட்டினர் எல்லோருக்கும் 2025 மே 1 முதல் கட்டாயம். இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை, உடனே மூடிவிடுங்கள். இ-சிகரெட் தாய்லாந்தில் சட்டவிரோதம். பையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

டிக்கெட்டில் எந்த விமான நிலையம் என்று பாருங்கள். சுவர்ணபூமி கிழக்கே, டான் முவாங் வடக்கே. ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏறும்படி போட்டுவிட்டால் நடுவில் குறைந்தது 5 மணி நேரம் விடுங்கள்.

அறை எடுக்கும்போது நட்சத்திரத்தைவிட ரயில் நிலையம் முக்கியம். பிடிஎஸ் என்கிற மேம்பால ரயில், எம்ஆர்டி என்கிற சுரங்க ரயில், இரண்டில் ஒன்றின் நிலையத்துக்கு 7 நிமிட நடையில் இருக்கிற அறையையே எடுங்கள். இரண்டும் சந்திக்கிற அசோக், சாலா டேங் பகுதிகள் வசதியானவை. படகும் பிடிஎஸ்ஸும் சந்திக்கிற சபான் தக்சின் இன்னும் நல்லது. 'சுக்கும்வித்தில் அறை' என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். அந்தச் சாலை மிக நீளமானது. உட்சந்தில் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற விடுதியும் அதே பெயரில்தான் விற்கும்.

இறங்கியதும்

சுவர்ணபூமியில் ரயில் அடித்தளத்தில் இருக்கிறது. பாயா தாய் நிலையம் வரை 45 பாட் (தாய்லாந்துப் பணம்), சுமார் அரை மணி நேரம். அங்கே பிடிஎஸ்ஸுக்கு மாறலாம். எம்ஆர்டி வேண்டுமென்றால் மக்கசானில் இறங்கி நடைபாலம் வழியாகப் பெட்சபுரி நிலையத்துக்குப் போங்கள். நள்ளிரவோடு ரயில் நின்றுவிடும். அதன் பிறகு முதல் தளத்தில் இயந்திரத்தில் டோக்கன் எடுத்து மீட்டர் டாக்ஸி. மீட்டர் 35 பாட்டில் தொடங்கும். விமான நிலையக் கட்டணம் 50 பாட், சுங்கச்சாவடிப் பணம் இரண்டும் தனி. டோக்கனில் வண்டி விவரம் இருப்பதால் அதை டிரைவரிடம் கொடுத்துவிடாதீர்கள். ஊருக்குள் மீட்டர் போட மாட்டேன் என்கிற டாக்ஸியோடு வாதாட வேண்டாம், அடுத்த வண்டியைப் பிடியுங்கள். டான் முவாங்கிலிருந்து ஏ1 பஸ் மோ சிட் பிடிஎஸ் நிலையத்துக்குப் போகும்.

ஏடிஎம்மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் வெளிநாட்டு அட்டைக்கு 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். சிறிது சிறிதாக எடுத்தால் இது பெரிய செலவாகிவிடும். சுவர்ணபூமியில் மேலே கண்ணில் படுகிற கவுண்டர்களைவிட, அடித்தளத்தில் ரயில் பக்கம் இருக்கிற பணமாற்றுக் கடைகளில் விலை நன்றாகக் கிடைக்கும். 1000 பாட் நோட்டைச் சின்னக் கடைகளில் வாங்கத் தயங்குவார்கள். கன்வீனியன்ஸ் ஸ்டோரில் தண்ணீர் பாட்டில் வாங்கிச் சில்லறை ஆக்கிக்கொள்ளுங்கள். பிடிஎஸ் டிக்கெட் எம்ஆர்டியில் செல்லாது. எம்ஆர்டியில் விசா, மாஸ்டர்கார்டு அட்டையை வாசலில் அப்படியே தட்டிவிட்டுப் போகலாம்.

முதல் நாள்: ஆற்றங்கரை

கிராண்ட் பேலஸ் 8.30 மணிக்குத் திறக்கும், 3.30-க்கு டிக்கெட் நிறுத்துவார்கள். கட்டணம் 500 பாட். திறக்கும்போதே வாசலில் இருங்கள். 10 மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்து குவிந்தபின் நிற்க நிழல்கூட இருக்காது. தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். கையில்லாத சட்டைக்கு மேல் துப்பட்டா போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சபான் தக்சின் நிலையத்துக்குக் கீழேயே சாத்தோன் படகுத்துறை. அங்கே நீலக்கொடிச் சுற்றுலாப் படகுக்கு டிக்கெட் விற்கிறவர்கள் முதலில் எதிர்ப்படுவார்கள். உள்ளூர்க்காரர்கள் ஏறுவது ஆரஞ்சுக்கொடிப் படகு; எங்கே இறங்கினாலும் 16 பாட். ஏறியபின் நடத்துநர் நீள உருளையான தகர டப்பாவைக் கடகடவென்று ஆட்டிக்கொண்டே வருவார். பணத்தைக் கொடுத்தால் அதிலிருந்தே சீட்டைக் கிழித்துத் தருவார். பேலஸுக்குத் தா சாங் துறையில் இறங்க வேண்டும். படகு சில நொடிதான் நிற்கும், முந்தைய துறை தாண்டியதும் பின்பக்கம் வந்து நில்லுங்கள்.

வாசலுக்கு நடக்கிற வழியில் நன்றாக உடுத்திய ஒருவர் "இன்று பேலஸ் மூடியிருக்கிறது, பூஜை நடக்கிறது, டுக்டுக்கில் வேறு கோயிலுக்கு 20 பாட்டுக்குக் கூட்டிப்போகிறேன்" என்பார். போனால் நகைக்கடையிலோ தையல் கடையிலோ கொண்டுபோய் உட்கார வைப்பார்கள். பதில் சொல்லாமல் டிக்கெட் கவுண்டர் வரை நடந்து போய் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மரகத புத்தரைப் பார்த்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுகிறார்கள். அந்த வளாகத்தைச் சுற்றிவரும் மண்டபச் சுவரில் ராமகியன், அதாவது தாய்லாந்து ராமாயணம், 178 ஓவியங்களாக விரிகிறது. கதை வடக்கு வாசலில் தொடங்கி வலமாகச் சுற்றுகிறது. கதை தெரிந்த நமக்கு வழிகாட்டியே தேவையில்லை. வெள்ளை உருவ அனுமனைப் பின்தொடர்ந்தாலே போதும். இதற்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

அங்கிருந்து தெற்கே நடந்தால் வாட் ஃபோ ('வாட்' என்றால் கோயில்). கட்டணம் 300 பாட். சயன புத்தர் 46 மீட்டர் நீளம். பாதங்களில் முத்துச் சிப்பி பதித்த 108 சின்னங்களை நின்று பாருங்கள். உச்சி வெயிலை வளாகத்துக்குள் இருக்கிற மசாஜ் பள்ளியில் கழிக்கலாம். வலித்தால் "பாவ் பாவ்" என்று சொல்லுங்கள், அழுத்தத்தைக் குறைப்பார்கள்.

நான்கு மணிக்குத் தா தியென் துறையிலிருந்து சின்னப் படகில் ஆற்றைக் கடந்து வாட் அருண், 200 பாட். கோபுரம் முழுக்கப் பதித்திருப்பது சீனப் பீங்கான் துண்டுகள், அருகில் போனால்தான் பூ இதழ்கள் தெரியும். அது மேற்குக் கரையில் இருப்பதால் சூரியன் அதன் பின்னால்தான் இறங்கும்; படம் எடுக்க 5.30-க்குள் திரும்பக் கிழக்குக் கரைக்கு வந்துவிடுங்கள்.

இருட்டியதும் சனாம் சாய் எம்ஆர்டியில் ஏறி இரண்டாவது நிலையமான வாட் மங்கோனில் இறங்கினால் யாவராட், பாங்காக்கின் சைனாடவுன். நடைபாதைக் கடைகள் 6 மணிக்கு மேல்தான் களைகட்டும். திங்கட்கிழமை தெருவைச் சுத்தம் செய்யும் நாள், பாதிக் கடை இருக்காது. முதல் நாள் திங்களாக அமைந்தால் இந்த இரவை அடுத்த நாளுக்கு மாற்றுங்கள். நால்வராகப் போனால் ஆளுக்கொரு தட்டு வாங்காதீர்கள். ஒரு கடையில் ஒரு தட்டு, நால்வரும் பகிர்ந்துகொண்டு அடுத்த கடை. மிளகு தூக்கலான சுருள் நூடுல்ஸ் சூப் குவாய் ஜாப் (பன்றியின் குடலும் ஈரலும் சேரும்), சிப்பி ஆம்லெட் ஹோய் தோட், கடைசியில் இஞ்சிச் சாற்றில் மிதக்கும் எள் உருண்டை.

தட்டில் என்ன இருக்கிறது

நேரம்தான் இங்கே பலரும் கோட்டை விடுகிற இடம். காலை 6 முதல் 9 வரை ரயில் நிலைய வாசல்களில் மூ பிங் என்கிற சுட்ட பன்றி இறைச்சிக் குச்சியும் ஒட்டரிசியும், ஜோக் என்கிற அரிசிக் கஞ்சியும் கிடைக்கும். 11 முதல் 1 வரை அலுவலகக் கூட்டம் சாப்பிடும் நேரம், எல்லாம் சூடாக இருக்கும். 2 முதல் 5 வரை நல்ல கடைகள் மூடியிருக்கும். அப்போது பசித்தால் மால்களில் இருக்கிற ஃபுட் கோர்ட்தான் வழி. அசோக்கில் டெர்மினல் 21 மாலின் ஃபுட் கோர்ட் மலிவு. முதலில் கவுண்டரில் பணம் கட்டி அட்டை வாங்க வேண்டும், மீதியை அன்றைக்கே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடையைத் தேர்ந்தெடுக்க எளிய வழி: ஒரே ஒரு பதார்த்தம் மட்டும் போடுகிற கடையாகப் பாருங்கள். கோழிச் சோறான காவ் மன் கை கடையில் கோழிகள் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும். சோறு கோழிக் கொழுப்பிலும் சாறிலும் வெந்தது, இஞ்சி, மிளகாய் சேர்த்த சோயா விழுதோடு வரும். மேசை மேல் நான்கு டப்பா இருக்கும்: சர்க்கரை, மீன் சாற்றில் ஊறிய மிளகாய், காடியில் ஊறிய மிளகாய், மிளகாய்த் தூள். நூடுல்ஸை ருசி பார்த்தபின் இவற்றால் சரிசெய்துகொள்வதுதான் அங்கே வழக்கம், சமையல்காரர் தவறாக நினைக்க மாட்டார். துளசி இலை போட்டு வதக்குகிற பட் க்ரபாவ் கேட்கும்போது என்ன இறைச்சி என்று சொல்லாவிட்டால் பெரும்பாலும் பன்றிதான் வரும்.

சைவர்கள் கவனிக்க: 'காய்கறி மட்டும்' என்றால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாற்றையும் சிப்பிச் சாஸையும் ஊற்றித்தான் தருவார்கள். பப்பாளி சாலட்டான சோம் தாமில் உலர்ந்த இறால், கறி விழுதுகளில் இறால் விழுது. பாதுகாப்பான சொல் "ஜே". இறைச்சி, மீன், முட்டை, பால் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட இல்லாத உணவு அது. மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து இருந்தால் அந்தக் கடை ஜே கடை. முட்டை பரவாயில்லை என்றால் "மங்சவிராட்" என்று சொல்லி, கூடவே "மை சை நாம் ப்லா", மீன் சாறு வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காரம் வேண்டாம் என்றால் "மை பெட்". நம்மூர்க் காரம் பழகிய நாக்குக்கும் அந்தச் சின்ன மிளகாய் வேறு ரகம்.

குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம். நடுவில் துளையுள்ள உருளை ஐஸ் தொழிற்சாலையில் செய்தது, அதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

மாம்பழ ஒட்டரிசி வாங்கும்போது அரிசி மூடிய பாத்திரத்தில் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தது விறைத்துப்போய்விடும். லேசாக உப்பிட்ட தேங்காய்ப்பாலைச் சாப்பிடும் நேரத்தில்தான் ஊற்ற வேண்டும்.

இரண்டாம் நாள்: கால்வாய்

காலையிலேயே குன்றின் மேல் இருக்கிற கோயிலான கோல்டன் மவுண்ட். 344 படி, ஆனால் சரிவு மெல்லியது. கீழே வந்து மேற்கே நடந்தால் வாட் சுத்தாட், அதன் முன் சிவப்பு நிற ராட்சத ஊஞ்சல். அங்கே ஊஞ்சலாடும் சடங்கு 1935-இல் நின்றுவிட்டது. பக்கத்துத் தேவஸ்தானம் அரசவை அந்தணர்களின் கோயில். திருவெம்பாவையும் திருப்பாவையும் ஓதும் சடங்கு இவர்களிடம் இன்னும் இருக்கிறது. தமிழர்கள் தவறவிடக் கூடாத இடம்.

திரும்ப மவுண்ட் அருகே பான்ஃபா துறைக்கு வந்து சேன் சேப் கால்வாய்ப் படகில் ஏறுங்கள். ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்துக் கயிற்றை இழுத்துப் பிடியுங்கள், தார்ப்பாய் மேலே எழும். எதிர்ப் படகின் அலை முகத்தில் அடிக்காது. தண்ணீர் சுத்தமானதல்ல. சபான் ஹுவா சாங்கில் இறங்கினால், தாய்ப் பட்டு வியாபாரத்தில் பேர்பெற்ற அமெரிக்கர் ஜிம் தாம்சனின் வீடு. பழைய தேக்கு வீடுகளைக் கழற்றிக் கொண்டுவந்து சேர்த்துக் கட்டியது, வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். மாலையில் விக்டரி மான்யுமென்ட் பக்கம் படகு நூடுல்ஸ். கிண்ணம் மிகச் சிறியது, ஒருவர் நாலைந்து சாப்பிடுவது சாதாரணம். குழம்பு கெட்டியாக இருப்பதற்குக் காரணம் இரத்தம், வேண்டாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நாள்

சனி, ஞாயிறாக அமைந்தால் சதுசக் சந்தை. கம்பேங் பெட் எம்ஆர்டி 2-ஆம் வாசல் நேராகச் சந்தைக்குள் விடும். 9 மணிக்குப் போய் நண்பகலுக்குள் வெளியே வந்துவிடுங்கள். பிடித்த பொருளை அங்கேயே வாங்கிவிடுவது நல்லது, அந்தச் சந்துகளில் அதே கடையை மறுபடி கண்டுபிடிப்பது கடினம். சாலைக்கு எதிர்ப்பக்கம் ஓர் டோர் கோர் சந்தை தினமும் உண்டு. பழத்துக்கு ஊரிலேயே சிறந்த இடம், விலையும் அதற்கேற்ப. மிதக்கும் சந்தை வேண்டும் என்று டாம்னொன் சதுவாக் போகாதீர்கள். போய்வர அரை நாளுக்கு மேல் போய்விடும்.

நெடி தூக்கலான டுரியன் பழம் வாங்கினால் அங்கேயே உட்கார்ந்து தின்றுவிடுங்கள். ரயிலிலும் பெரும்பாலான விடுதிகளிலும் அதற்கு அனுமதி இல்லை. மீன் சாறு, கறி விழுது எல்லாம் செக்-இன் பையில்தான், கைப்பையில் பிடுங்கிவிடுவார்கள். மாலை விமானமென்றால் 4 மணிக்கு முன் ஊரைவிட்டுக் கிளம்புங்கள், அல்லது எத்தனை பை இருந்தாலும் ரயிலிலேயே போங்கள்.