பிரிட்டானியாவில் சாப்பிடப் போகிறீர்களா? இப்படிச் செய்யாதீர்கள்

மும்பை பல்லார்டு எஸ்டேட்டில் இருக்கும் பிரிட்டானியா அண்ட் கோ, 1923-ல் தொடங்கிய ஈரானி-பார்சி சாப்பாட்டுக் கடை. உயரமான கூரை, வளைந்த மர நாற்காலி, காரை உதிர்ந்த சுவர் என்று படமெடுக்க எல்லாமே தோதாக இருக்கும். படத்தில் மயங்கிப் பலர் சாப்பாட்டில் கோட்டை விடுகிறார்கள்.

முதலில், இது அலுவலகப் பேட்டையின் மதியச் சாப்பாட்டுக் கடை. ராத்திரிக்கு இதை நம்பித் திட்டம் போடாதீர்கள். டீயும் பன் மஸ்காவும் (வெண்ணெய் தடவிய பன்) தான் ஆசை என்றால் தோபி தலாவ் பக்கம் கயானி என்ற ஈரானி டீக்கடை இருக்கிறது, 1904-லிருந்து. இங்கே வரும்போது வயிறு காலியாக இருக்கட்டும்.

பெர்ரி புலாவைப் பிரியாணி என்று நினைத்துக் குறை சொல்வது அடுத்த தவறு. காரம் அடக்கம்தான். மசாலாவில் ஊறிய கறி சோற்றுக்கு அடியில் புதைந்திருக்கும். தோண்டிப் பிசைந்தால்தான் ருசி. மேலே சிவப்பாகக் கிடப்பது ஈரானிலிருந்து வரும் உலர்ந்த ஜெரெஷ்க் பழம். அலங்காரம் என்று ஒதுக்கினால் போச்சு, அந்தப் புளிப்புதான் இந்தப் புலாவின் உயிர். கடையை நெடுங்காலம் நடத்திய போமன் கோஹினூரின் மனைவி ஈரானில் இருந்தபோது அறிந்த பக்குவத்தை வைத்து உருவாக்கியது இது.

தன்சாக்கில்தான் இன்னும் அதிகம் சறுக்குகிறார்கள். பருப்பு, பூசணி, கத்திரிக்காய், ஆட்டுக்கறி எல்லாம் குழைய வெந்த குழம்பு. அதை வெள்ளைச் சோற்றோடு கேட்காதீர்கள். கருக்கிய சர்க்கரையில் நிறமேறிய பழுப்புச் சோறும் கச்சும்பர் என்ற பச்சை வெங்காயக் கலவையும்தான் அதற்கு ஜோடி. பார்சி வீடுகளில் இது ஞாயிற்றுக்கிழமைச் சமையல். சாப்பிட்டால் தூக்கம் நிச்சயம். துக்க வீட்டில் மூன்று நாள் கறி தவிர்த்து, நாலாம் நாள் தன்சாக்கோடுதான் முடிப்பார்கள். அதனால் கல்யாண விருந்தில் இது வராது. கடையில் எந்த நாளும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் பார்சி நண்பரின் கல்யாணத்துக்குப் போய் 'தன்சாக் எங்கே?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அங்கே வாழையிலையில் பச்சைச் சட்னி தடவி வேகவைத்த வௌவால் மீன் வரும், அதைக் கவனியுங்கள்.

சாலி போட்டி (குடல் இல்லை, ஆட்டுக்கறித் துண்டுக் குழம்பு) வந்ததும் படம் எடுத்துக்கொண்டிருக்க வேண்டாம். மேலே தூவிய உருளைக்கிழங்குக் குச்சிகள் குழம்பில் நமத்துவிடும்.

அப்புறம், பல்லோன்ஜி ராஸ்பெர்ரி சோடா. நல்ல சிவப்பு, தித்திப்போ தாராளம். ஆளுக்கொரு பாட்டில் வேண்டாம், இருவருக்கு ஒன்று சொன்னால் கேரமல் கஸ்டர்டுக்கு வயிற்றில் இடமிருக்கும்.