பழைய பெரிய வீட்டில் ஒரு பகுதி வாடகைக்கு எடுக்கிறீர்களா?

மட்டக்களப்பு புளியந்தீவுப் பக்கம் வளவோடு கூடிய பழைய வீடுகளில் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவதுண்டு. உயர்ந்த கூரை, அகலமான விறாந்தை, மாமர நிழல் என்று பார்த்தவுடனே பிடித்துவிடும். முற்பணம் கொடுக்குமுன் சுவர்களைப் பாருங்கள்.

அலுமாரியைக் கொஞ்சம் நகர்த்தி, தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை தடவிப் பாருங்கள். உப்புப் பூத்து மாவாக உதிர்ந்தால் நிலத்து ஈரம் மேலேறுகிறது என்று அர்த்தம். பழைய சுண்ணாம்புச் சுவரில் அதை மறைக்கச் சீமெந்து பூசுவது பெரிய பிழை. ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள்ளேயே தங்கி, இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்புச் சாந்தும் வெள்ளையடிப்பும்தான் அந்தச் சுவருக்கு ஏற்றவை. வீட்டுக்காரரிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள், நல்ல சுவர்கள் வீணாகக் கூடாது.

மழை பெய்த மறுநாள் ஒருமுறை போய்ப் பார்ப்பது நல்லது. ஓட்டு ஒழுக்கு அப்போது தெரியும். கைமரத்தில் கறையான் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிணற்றுத் தண்ணீரையும் வாயில் வைத்துப் பாருங்கள். வாவிக்கு அருகில் கோடையில் உவர்ப்பு கூடலாம்.

அப்புறம் மரங்கள். 1978 நவம்பர் சூறாவளியை இங்கே யாரும் மறக்கவில்லை. கூரைமேல் சாய்ந்த கிளைகளை மாரி தொடங்குமுன், ஒக்டோபருக்குள் வெட்டிவிட வேண்டும். அந்தச் செலவு யாருடையது, வளவு கூட்டுவது யார், தேங்காய் யாருக்கு என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.