ஆன்லைனில் செகண்ட் ஹேண்ட் போன்: பணம் கைமாறும் முன் பார்க்க வேண்டியவை

பழைய போனில் வரும் கோளாறுகள் இரண்டு வகை. பேட்டரி இறங்கியிருக்கும், டிஸ்ப்ளே மாற்றியிருப்பார்கள், சார்ஜிங் பின் ஆடும். இவையெல்லாம் காசைப் போட்டால் சரியாகிவிடும். ஆகிற செலவை விலையில் கழித்துக்கொள்ளலாம். திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டிருப்பது, பழைய உரிமையாளரின் கணக்கு பூட்டியிருப்பது, தவணை பாக்கி நிற்பது ஆகிய மூன்றும் அப்படியல்ல. கண்ணாடி பளபளக்கும், கேமரா அருமையாக இருக்கும், ஆனால் போன் உங்களுக்கு உதவாது. பெரும்பாலோர் கீறலையும் கேமராவையும் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, இந்த மூன்றையும் பார்க்காமலே பணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் வரிசையை மாற்றிப் பாருங்கள்.

விளம்பரத்திலேயே கழித்துக்கட்ட வேண்டியவை

ஓஎல்எக்ஸ், ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், இன்ஸ்டாகிராம் பக்கங்கள் என எங்கே பார்த்தாலும் முதலில் விலையைச் சந்தை நிலவரத்தோடு ஒப்பிடுங்கள். அதே மாடல், அதே ஸ்டோரேஜ் மற்றவர்களிடம் என்ன விலைக்குப் போகிறது என்று பத்துப் பதினைந்து விளம்பரங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதில் பாதி விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால் போன் திருட்டாக இருக்கலாம், பூட்டியதாக இருக்கலாம், அல்லது போனே இல்லாமல் இருக்கலாம்.

போனே இல்லாத மோசடி பல வருடங்களாக ஒரே அச்சில்தான் நடக்கிறது. விற்பவர் தன்னை ராணுவத்திலோ சிஐஎஸ்எஃப் படையிலோ இருப்பதாகச் சொல்வார். இடமாற்றம் வந்துவிட்டது, அவசரமாக விற்கிறேன் என்பார். நம்பிக்கைக்கு அடையாள அட்டையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார். நேரில் வரச் சொன்னால் முகாமுக்குள் வெளியாளை விடமாட்டார்கள், கூரியரில் அனுப்புகிறேன் என்பார். முதலில் சிறிய அட்வான்ஸ், பிறகு கேட் பாஸ், பிறகு திரும்பக் கிடைக்கும் ஜிஎஸ்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். முதல் தொகையைப் போனபடி விட மனமில்லாமல் அடுத்ததைக் கட்டுவதுதான் இதில் சிக்குவோர் செய்யும் தவறு. பார்க்காத போனுக்கு அட்வான்ஸ் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். "பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்று யார் சொன்னாலும் போடாதீர்கள். யுபிஐ பின் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து வெளியேதான் போகும். பணம் உங்களுக்கு வருவதற்கு யுபிஐ பின் எண் தேவையே இல்லை.

ஐஎம்இஐ: கிளம்பும் முன் ஒரு முறை, நேரில் ஒரு முறை

விற்பவரிடம் *#06# அழுத்தி வரும் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஐஎம்இஐ எனப்படும், போனுக்கே உரிய 15 இலக்க அடையாள எண் வரும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள். அதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலோ செயலியிலோ சரிபார்க்கலாம். குறுஞ்செய்தியும் போதும்: ஆங்கிலப் பெரிய எழுத்தில் கே, ஒய், எம் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்க எண்ணை எழுதி 14422க்கு அனுப்புங்கள். பதிலில் கருப்புப் பட்டியல், டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்ற மூன்றில் எது வந்தாலும் அந்தப் போன் வேண்டாம். எண் சரியென்று வந்தாலும் அதில் காட்டும் பிராண்டும் மாடலும் விளம்பரத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். விலை குறைந்த போனின் எண்ணை விலை உயர்ந்த போனில் ஏற்றியிருந்தால் இங்கேதான் குட்டு உடையும்.

நேரில் போனதும் உங்கள் கையாலேயே *#06# அழுத்திப் பாருங்கள். திரையில் வரும் எண், பெட்டியில் ஒட்டியுள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டி மட்டும் போதாது. காலிப் பெட்டிகள் தனியாகவே விற்கப்படுகின்றன. பில் கட்டாயம் வேண்டும்.

எண் சுத்தமாக வந்தாலும் பில்லை வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. நேற்றுத் தொலைந்த போனுக்கு உரிமையாளர் இன்னும் புகாரே கொடுக்காமல் இருக்கலாம். அவர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, தொலைந்த போன்களை முடக்கும் அரசுப் பதிவேடான சிஇஐஆர் மூலம் முடக்கியதும், நாட்டின் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் வேலை செய்யாது. அதன் பிறகு யாராவது அதில் சிம் போட்டால் அந்தத் தகவல் காவல்துறைக்குப் போகும். அந்த சிம் உங்களுடையது என்பதால் அழைப்பும் உங்களுக்கே வரும். போனை ஒப்படைக்க வேண்டும், கொடுத்த பணம் திரும்பாது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு. பில் இல்லாமல் பாதி விலைக்கு வாங்கிவிட்டு "எனக்குத் தெரியாது" என்று சொல்வது எடுபடாது.

கணக்குப் பூட்டு: ரீசெட் உங்கள் கண்முன் நடக்க வேண்டும்

ஆண்ட்ராய்டு 5.1 முதல் கூகுள் பூட்டு இருக்கிறது. போனில் கூகுள் கணக்கு இருக்கும்போதே பட்டன்களை அழுத்தி ரெக்கவரி வழியாக அழித்தால், அடுத்து ஆன் செய்யும்போது அதே கணக்கையோ பழைய திரைப்பூட்டையோ கேட்கும். ஐபோனில் ஃபைண்ட் மை வழியாக ஆக்டிவேஷன் லாக் இருக்கிறது; ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் போன் திறக்காது. ஏற்கெனவே அழித்து "ஹலோ" திரையில் நிற்கும் போனைக் கொடுத்து, "ஃப்ரெஷ்ஷா ரீசெட் பண்ணிட்டேன்" என்று சொன்னால் அதைக் கூடுதல் எச்சரிக்கையோடு பாருங்கள். கணக்கு நீக்கப்பட்டதா என்று அந்தத் திரையை வைத்துச் சொல்ல முடியாது.

ஆண்ட்ராய்டில் செய்ய வேண்டியது: விற்பவர் செட்டிங்ஸில் கணக்குகள் பகுதிக்குப் போய் கூகுள் கணக்கை நீக்க வேண்டும். சாம்சங் என்றால் சாம்சங் கணக்கையும், ரெட்மி, போக்கோ என்றால் ஷாவ்மி கணக்கையும் நீக்க வேண்டும். பிறகு செட்டிங்ஸ் வழியாகவே முழு ரீசெட். ஐபோனில், செட்டிங்ஸின் உச்சியில் உள்ள பெயரைத் தொட்டு சைன் அவுட் செய்து, அதன் பிறகு எல்லாவற்றையும் அழிக்க வேண்டும்.

அழிந்து முடிந்ததும் போனை நீங்கள் வாங்கிக்கொண்டு, உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. இணையம் கிடைத்த பிறகுதான் போன் சர்வரைக் கேட்டு, பூட்டு இருந்தால் காட்டும். தொடக்கப் படிகளை முடித்து முகப்புத் திரை வரை போய்விட வேண்டும். "பாஸ்வேர்டு ஞாபகமில்லை, வீட்டுக்குப் போய் நீக்கிவிடுகிறேன்" என்றால் அன்று வாங்காதீர்கள். நீக்கிவிட்டு வரட்டும், மறுநாள் பார்க்கலாம்.

தவணை பாக்கியுள்ள போன்

இந்த ஆபத்து பலருக்குத் தெரிவதில்லை. நம் ஊரில் கடனில் வாங்கிய போன்கள் ஏராளம். கடன் கொடுக்கும் நிறுவனங்கள் சில, தவணை தவறினால் போனைத் தூரத்திலிருந்தே பூட்டும் மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருக்கின்றன. சாம்சங்கில் இது நாக்ஸ் கார்டு என்ற மென்பொருள் வழியாக நடக்கும். ரீசெட் செய்தாலும் இணையம் கிடைத்ததும் திரும்ப வந்துவிடும். முதல் மாதம் நன்றாக ஓடி, விற்றவர் அடுத்த தவணையைக் கட்டாததும் உங்கள் கையில் பூட்டிக்கொள்ளும்.

பில்லில் நிதி நிறுவனத்தின் பெயரோ கடன் குறிப்போ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கடன் முடிந்ததற்கான தடையில்லாச் சான்றைக் கேளுங்கள். ரீசெட்டுக்கு முன்பே செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் டிவைஸ் அட்மின் என்று தேடி, எந்தெந்தச் செயலிகளுக்கு நிர்வாக உரிமை இருக்கிறது என்று பாருங்கள். ஐபோனில் ஜெனரல் பகுதியில் விபிஎன் மற்றும் டிவைஸ் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். போன் ஒரு நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று செட்டிங்ஸின் உச்சியில் எழுதியிருந்தால் அது அலுவலகம் ஊழியருக்குக் கொடுத்த போனாக இருக்கலாம். அப்படியென்றால் விற்க அவருக்கு உரிமை இருக்காது.

இனி உறுப்புகள்

சோதனைக்கு 20 நிமிடமாவது வேண்டும். வாங்கப் போகும் மாடலின் டிஸ்ப்ளே காம்போ, பேட்டரி விலையை உங்கள் ஊர் சர்வீஸ் கடையில் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேரம் பேச அதுதான் ஆதாரம்.

டிஸ்ப்ளேவில் வெள்ளை, கறுப்பு, சாம்பல் நிறப் படங்களை முழுத்திரையில் வைத்துப் பாருங்கள். அமோலெட் திரையில் கறுப்புப் படம் போட்டால் இருட்டில் திரை அணைந்தது போலவே இருக்கும். சாம்பல் ஒளி கசிந்தால் விலை மலிவான எல்சிடி மாட்டியிருக்கிறார்கள். திரைக்குள் கைரேகை வைக்கும் மாடலில் அந்தக் கைரேகை வேலை செய்யாமல் போனாலும் சந்தேகம் அதேதான். சாம்பல் படத்தில் கீபோர்டின் நிழலோ, பச்சைக் கோடோ தெரிந்தால் டிஸ்ப்ளே மாற்றும் முழுச் செலவையும் கழித்துப் பேசுங்கள். தொடுதிரைக்கு, ஒரு ஐகானை அழுத்திப் பிடித்தபடி மூலை முடுக்கெல்லாம் இழுங்கள். நடுவில் எங்கே கைவிடுகிறதோ அங்கே டச் இல்லை. சாம்சங்கில் *#0*#, ரெட்மியில் *#*#6484#*#* அழுத்தினால் கம்பெனியின் சோதனைப் பட்டியலே வரும்.

ஐபோனில் ஜெனரல், அபவுட் பகுதியின் பாகங்கள் மற்றும் சர்வீஸ் வரலாற்றைப் பாருங்கள். ஐஓஎஸ் 15.2 முதல் இது உண்டு. மாற்றிய பேட்டரி, டிஸ்ப்ளே, கேமரா ஒரிஜினலா என்று மாடலைப் பொறுத்துச் சொல்லிவிடும். மாடல் எண்ணின் முதல் எழுத்து எம் (M) என்றால் புதிதாக விற்ற போன், எஃப் (F) என்றால் ஆப்பிள் புதுப்பித்தது, என் (N) என்றால் சர்வீஸில் மாற்றிக் கொடுத்தது.

பேட்டரிக்கு, ஐபோன் 14 வரையான மாடல்கள் 500 சார்ஜ் சுழற்சிக்குப் பிறகும், ஐபோன் 15 வரிசை 1000 சுழற்சிக்குப் பிறகும் தொடக்கத் திறனில் 80% தாங்கும் வகையில் அமைக்கப்பட்டவை. 80%க்குக் கீழே இருந்தால் புதுப் பேட்டரிக்குப் பணம் ஒதுக்குங்கள். ஆண்ட்ராய்டில் வெளிச்சத்தை முழுதாக வைத்து 10 நிமிடம் வீடியோ எடுங்கள். சார்ஜ் படிப்படியாக இறங்காமல் குதித்து இறங்கினால் பேட்டரி போய்விட்டது. பின்மூடி மேசையில் ஆடினாலோ ஓரத்தில் பிளவு தெரிந்தாலோ பேட்டரி உப்பியிருக்கலாம். அந்தப் போனை வீட்டுக்கே கொண்டுபோகாதீர்கள்.

இந்த வீடியோ சோதனையில் போன் சூடாகும், அதுவும் நல்லதுதான். மதர்போர்டில் பழுது பார்த்த போன்கள் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக ஓடும். சூடேறியதும் ரீஸ்டார்ட் ஆகும், வைஃபை பட்டன் மங்கிப்போகும், அல்லது சிக்னல் விழுந்துவிடும். போர்டுக் கோளாறை விலை குறைத்துக்கூட வாங்கக் கூடாது. ஒரு முறை சரியானாலும் திரும்ப வரும். சிம் ட்ரேயை உருவி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் பட்டால் நிறம் மாறும் ஸ்டிக்கர் பல மாடல்களில் அங்கே இருக்கிறது. வெள்ளையாக இருக்க வேண்டியது சிவந்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது.

பிறகு உங்கள் சிம்மை இரண்டு ஸ்லாட்டிலும் போட்டு அழைத்துப் பாருங்கள். சாதாரண அழைப்பு ஒன்று, ஸ்பீக்கரில் ஒன்று. இரண்டுக்கும் மைக் வேறுவேறாக இருக்கலாம். பேசும்போது காதருகே கொண்டுபோனால் திரை அணைய வேண்டும்.

ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் அபவுட் பகுதியில் சாதனம் சான்றளிக்கப்பட்டது என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ரூட் செய்திருக்கலாம், அதாவது போன் மென்பொருளின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டை உடைத்திருக்கலாம். வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும். பாதுகாப்பு அப்டேட் எந்த மாதத்தோடு நிற்கிறது என்பதையும் பாருங்கள். கேலக்ஸி எஸ்24க்கும் பிக்சல் 8க்கும் 7 ஆண்டு அப்டேட் அறிவித்திருக்கிறார்கள். அந்த 7 ஆண்டு போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து கணக்கு, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல.

வெளிநாட்டிலிருந்து வந்த போன் என்றால் அங்குள்ள நெட்வொர்க்கோடு பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனின் அபவுட் பகுதியில் சிம் கட்டுப்பாடு இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதலான மாடல்களில் சிம் ட்ரேயே கிடையாது, இ-சிம் மட்டும்தான்.

இடம், பணம், ரசீது

சந்திக்கும் இடம் விற்பவரின் வீடாகவோ, உங்களுக்குத் தெரிந்த சர்வீஸ் கடையாகவோ இருந்தால் நல்லது. ரயில் நிலையம், பேருந்து நிலையம் வேண்டாம். பிறகு ஆளைத் தேட முகவரி இருக்காது. பணத்தை யுபிஐயில் அனுப்புங்கள். பெறுபவர் பெயரும் பில்லில் உள்ள பெயரும் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

ஒரு தாளில் இப்படி எழுதி வாங்குங்கள்: மாடல், ஐஎம்இஐ எண்கள், தொகை, தேதி, நேரம், விற்பவரின் பெயர், முகவரி, கையொப்பம், "இந்தப் போன் என்னுடையது, கடன் பாக்கி இல்லை" என்ற ஒரு வரி. கூடவே ஓட்டுநர் உரிமம் அல்லது ஆதார் நகல். ஆதாரில் முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கொடுத்தாலும் போதும். நேர்மையாக விற்பவர் இதற்கு மறுக்க மாட்டார், ஏனென்றால் நாளை அந்தப் போனை வைத்து ஏதாவது நடந்தால் இந்தத் தாள் அவரையும் காப்பாற்றும்.

பார்சலில் வாங்கினால்

முன்பின் தெரியாத பக்கங்களில் கேஷ் ஆன் டெலிவரி இருக்கிறது என்பதே பாதுகாப்பு ஆகாது. பணம் கொடுத்த பிறகுதான் பெட்டியைப் பிரிக்க விடுவார்கள். உள்ளே டம்மி போனோ சோப்புக் கட்டியோ இருக்கலாம். டெலிவரி செய்பவரே முன்னால் பிரித்துக் காட்டும் ஓப்பன் பாக்ஸ் முறை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். பார்த்து முடிக்கும் வரை ஓடிபி சொல்லாதீர்கள். ரீஃபர்பிஷ்ட், அதாவது பழையதைச் சரிசெய்த போன் விற்கும் நிறுவனங்களில் வாரண்டி எதையெல்லாம் உள்ளடக்கவில்லை என்ற பகுதியைப் படியுங்கள். லேபிள் தெரியும்படி தொடங்கி, பிரித்து, ஐஎம்இஐ காட்டும் வரை வெட்டாத ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். மேலே சொன்ன சோதனைகளை ரிட்டன் காலம் முடிவதற்குள், முதல் நாளிலேயே செய்துவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால்

பணம் போனது தெரிந்த அந்த நிமிடமே 1930க்கு அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். நிறுவனத்திடம் வாங்கியது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தன் சொந்தப் போனை எப்போதாவது விற்கும் தனிநபர் மீது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி போவது கடினம்; அங்கே காவல்துறைப் புகார்தான் வழி. அதற்கு விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அரட்டை, அலைபேசி எண், யுபிஐ பரிவர்த்தனை எண் எல்லாம் தேவைப்படும். விற்றதும் விளம்பரத்தை நீக்கிவிடுவார்கள் என்பதால், போனைப் பார்க்கக் கிளம்பும் முன்பே அந்த ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.