சின்ன கிளப், பெரிய சம்பளம்: ஃபுட்பால் மேனேஜரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடி, புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கம், ஒரு கிளப்பையே நடத்திப் பார்க்கிற ஃபுட்பால் மேனேஜர் கம்ப்யூட்டர் கேம் ஆடுகிற பசங்களில் பலருக்கு மான்செஸ்டர் சிட்டியை எடுத்து சாம்பியன்ஸ் லீக் ஜெயிப்பதில் பெரிய கிக் கிடையாது. இங்கிலாந்தின் ஆறாவது அடுக்கில், ஐந்நூறு அறுநூறு பேர் வந்து பார்க்கிற ஒரு கிளப்பை எடுத்து பிரீமியர் லீக் வரை ஏற்றிக் காட்ட வேண்டும். அதுதான் கெத்து. லூட்டன் டவுன் இதை நிஜத்திலேயே கிட்டத்தட்ட செய்திருக்கிறது. 2008-09 சீசனில் 30 புள்ளிகள் பறிக்கப்பட்டு ஐந்தாவது அடுக்குக்குத் தள்ளப்பட்ட அந்த கிளப், 2023-ல் பிரீமியர் லீக்கில் வந்து நின்றது.

ஆனால் இப்படி ஆரம்பிக்கிற சேவ் கேம்களில் பல, இரண்டாவது சீசனைத் தாண்டுவதில்லை. டேபிளில் மூன்றாம் இடம், பேங்கில் மைனஸ். கேட்டால் "போர்டு காசே குடுக்கல மச்சி, நான் இன்னா பண்றது?" என்பார்கள். போர்டு கொடுத்தது. அது எந்த வழியாகப் போனது என்று இவர்தான் பார்க்கவில்லை. கீழ் டிவிஷனில், ஆளை வாங்க இன்னொரு கிளப்புக்குக் கொடுக்கிற டிரான்ஸ்ஃபர் தொகையால் கிளப் மூழ்குவது அபூர்வம். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் எந்த கிளப்பிலும் இல்லாத ஃப்ரீ ஏஜென்ட்டுகள்தான். காசு கரைவது கான்ட்ராக்ட் பக்கத்தில்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆறாவது அடுக்கான நேஷனல் லீக் நார்த், சவுத் இரண்டிலும் தலா 24 அணிகள்; ஆக 46 ஆட்டம், அதில் 23 சொந்த மைதானத்தில். ஆட்டத்துக்கு 600 பேர், டிக்கெட் 12 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால் சீசன் முழுக்க வாசலில் வரும் வசூல் 1,65,600 பவுண்ட். இந்தப் பக்கம் 20 பேர், ஆளுக்கு வாரம் 300 பவுண்ட். கேட்க ஒன்றுமில்லாத தொகை. வாரத்துக்கு 6,000, வருஷத்துக்கு 3,12,000. ஸ்பான்சர், கோப்பைப் போட்டிப் பரிசு, ஓனர் கைக்காசு எல்லாம் சேர்ந்து இந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். ஸ்டாஃப் சம்பளம், மைதானப் பராமரிப்பு இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

போர்டு "சம்பள பட்ஜெட் வாரம் 6,000" என்று சொன்னால் அது வரம்பு மட்டும்தான். முழுக்கச் செலவழித்தே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயம் புரியாமல்தான் பாதித் தவறு நடக்கிறது. சீசன் ஆரம்பத்தில் 85 விழுக்காட்டில் நிறுத்துங்கள். ஜனவரியில் கோல்கீப்பருக்குக் காலில் அடிபட்டால் அந்த மிச்சம்தான் காப்பாற்றும். டிரான்ஸ்ஃபர் பட்ஜெட்டில் கொஞ்சம் பணம் கிடந்தால் உடனே ஸ்லைடரை இழுத்து அதைச் சம்பளப் பக்கம் தள்ளுகிறவர்கள், அடுத்த வருஷமும் அந்தச் சம்பளம் அப்படியே நிற்கும் என்பதை யோசிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் பணம் ஒரு தடவை போகும். சம்பளம் வாரா வாரம் போகும்.

ஆடினால்தான் பங்கு

அதிகம் பேசப்படாத, ஆனால் அதிகம் கொல்கிற தவறு இதுதான்: எல்லாருக்கும் நிலையான வாரச் சம்பளம் கொடுப்பது.

காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. போட் கடலுக்குப் போய், மீன் ஏலம் போய், டீசல் ஐஸ் செலவு கழித்தது போக வருவதில் பங்கு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் போட் கரையில் கிடந்தால் பங்கும் கிடையாது. தொழிலாளிக்கு அது கொடுமை. ஓனருக்கு ஆபத்து குறைவு. கீழ் டிவிஷன் கிளப்புக்கும் ஒரு தடைக்காலம் உண்டு. மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை லீக் ஆட்டம் இல்லை, வாசல் வசூல் இல்லை. சீசன் டிக்கெட் பணம் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். ஆனால் வாரச் சம்பளம் மட்டும் நிற்காது.

அதனால் ஸ்ட்ரைக்கர் வாரம் 400 கேட்டால், 150 வாரச் சம்பளம், ஆடுகிற ஒவ்வொரு மேட்சுக்கும் 100 என்று பேசிப் பாருங்கள். நிலையான 400 என்றால் வருஷத்துக்கு 20,800. இந்த முறையில் 46 ஆட்டமும் ஆடினாலும் 7,800 கூட்டல் 4,600, ஆக 12,400. மூன்று மாதம் காயத்தில் உட்கார்ந்தால் இன்னும் குறையும். வயதான ஆட்டக்காரர்களுக்கும், அடிக்கடி அடிபடுகிறவர்களுக்கும் இதைத் தவிர வேறு கான்ட்ராக்ட் கொடுக்கவே கூடாது என்பது என் கட்சி.

ஆனால் இதிலும் ஒரு குழி இருக்கிறது. ஆட்டச் சம்பளம், கோல் போனஸ், பெஞ்சில் உட்கார்ந்தாலே ஒரு தொகை என்று மூன்றையும் ஒரே ஆளுக்கு அள்ளிவிட்டால், ஜெயிக்கிற சீசன்தான் நட்டமான சீசன் ஆகும். இருபது கோல் அடித்த ஸ்ட்ரைக்கரின் போனஸ் பில்லைப் பார்த்து, இவன் கொஞ்சம் குறைவாக அடித்திருக்கலாமே என்று தோன்றினால் கான்ட்ராக்ட் தப்பு என்று அர்த்தம். பெஞ்ச் தொகையை எப்போதும் வெட்டுங்கள்.

கான்ட்ராக்ட் பேசும்போது ஏஜென்ட் நைசாகச் செருகுகிற வேறு சில வரிகளும் உண்டு. வருஷா வருஷம் சம்பள உயர்வு; இத்தனை ஆட்டம் ஆடினால் ஒரு வருஷம் தானாக நீட்டிப்பு; மேல் டிவிஷனுக்குப் போனால் 25 விழுக்காடு உயர்வு. தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிதில்லை. இருபது பேர் கான்ட்ராக்டிலும் அந்தக் கடைசி வரி இருந்து, நீங்கள் சாம்பியனாகவும் ஆனால், 6,000 ஒரே ராத்திரியில் 7,500 ஆகும். கூடவே போர்டு "நாம் இனி முழுநேர புரொஃபஷனல் கிளப்" என்று அறிவித்தால், பகுதிநேரக் கான்ட்ராக்டில் இருக்கிற எல்லாரும் புதுச் சம்பளம் கேட்டு வரிசையில் நிற்பார்கள். ஏறுவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் போட்டு வைத்திருக்க வேண்டும். ஃபைனான்ஸ் திரையில் வரும் வருஷங்களுக்கான கணிப்பைக் காட்டுகிற ஒரு பக்கம் உண்டு. அதைத் திறந்தே பார்க்காதவர்கள் ஏராளம்.

மேலே ஏறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு பரி கிளப்பின் கதை தெரிய வேண்டும். 1894 முதல் இங்கிலீஷ் லீக்கில் இருந்த கிளப். எஃப்.ஏ. கோப்பையை 1900, 1903 என இரண்டு முறை வென்றது. 2018-19-ல் நான்காவது அடுக்கான லீக் டூவில் இரண்டாவதாக வந்து மேலே ஏறியது. மேல் டிவிஷனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. கடனைச் சமாளிக்க முடியாமல் 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

ஆள் சேர்ப்பதில்

முப்பது பேர் ஸ்குவாட் எதற்கு? "காயம் பட்டா ஆள் வேணும்ல" என்பார்கள். 46 ஆட்டத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் ஆடக்கூடிய இருபது இருபத்திரண்டு பேர் போதும். ஆடாத எட்டுப் பேர் சம்பளமும் வாங்குவார்கள், சான்ஸ் கொடுக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு டிரெஸ்ஸிங் ரூமையும் கெடுப்பார்கள்.

பேருக்கு மயங்குவது இன்னொன்று. முன்பு மூன்றாவது அடுக்கான லீக் ஒன்னில் ஆடிய 35 வயதுக்காரர் ஃப்ரீயாகக் கிடைக்கிறார், பாஸிங் இருபதுக்கு 14 என்று பார்த்ததும் கை பரபரக்கும். வேகம் எவ்வளவு, முடுக்கம் எவ்வளவு என்று கீழே பாருங்கள். இரண்டும் 6 என்றால் இருபதுக்கு ஆறு. இந்த டிவிஷனில் பந்தைவிட ஆள்தான் அதிகம் ஓடுவான். வேகமும் உழைப்பும் இருக்கிற, பாஸிங் 8 மட்டுமே உள்ள பையன் உங்களுக்குப் பத்து கோல் அடிப்பான். முல்லை நகர் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்கிற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. மேடு பள்ளத் தரையில் அழகான பாஸைவிட முதலில் பந்துக்குப் போய்ச் சேருகிறவன்தான் ஆட்டத்தை முடிக்கிறான்.

ஆளைப் பார்க்க ஸ்கவுட்டுக்குக் காசு இல்லையென்றால் டிரயலுக்குக் கூப்பிடுங்கள். சில வாரம் கூட வந்து பயிற்சி செய்தாலே மறைந்திருக்கிற எண்கள் தெரிந்துவிடும். கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயமும் இல்லை.

கேமைத் தொடங்கும்போதே ஒரு தவறு நடக்கிறது. பழைய லேப்டாப், மே மாதச் சூடு, ஃபேன் விமானம் மாதிரி இரைகிறது என்பதற்காக, எத்தனை ஆட்டக்காரர்கள் கேமில் இருப்பார்கள் என்று தீர்மானிக்கிற டேட்டாபேஸைச் சின்னதாக வைக்கிறோம். அப்போது கீழ் மட்டத்து ஆட்டக்காரர்கள் பலர் கேமுக்குள் வரவே மாட்டார்கள். ஃப்ரீ ஏஜென்ட் பட்டியல் காலியாக இருக்கும். ஓடுகிற லீக்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு, ஆட்டக்காரர் எண்ணிக்கையைக் கூட்டிப் பாருங்கள்.

நான்-கான்ட்ராக்டில், அதாவது நிலையான ஒப்பந்தம் இல்லாமல், ஆள் வைப்பது மலிவுதான். ஆனால் அவன் நன்றாக ஆட ஆரம்பித்ததும் பக்கத்து கிளப் ஒரு பைசா கொடுக்காமல் தூக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு நல்ல மேட்ச் ஆடினாலே நிஜக் கான்ட்ராக்ட் போட்டுவிடுங்கள்.

பெரிய கிளப் ஆளைக் கொஞ்ச காலத்துக்கு மட்டும் கடன் வாங்கி ஆடவைக்கிற லோன் நல்ல வழி. பெரிய கிளப் சம்பளத்தை முழுக்க ஏற்றுக்கொள்கிற பையன்களாகத் தேடலாம். சீனியர் இணைப்பு கிளப் (கூட்டு வைத்துக்கொள்ள ஒரு பெரிய கிளப்) கேட்டு போர்டிடம் மனுப் போட்டால் இது இன்னும் சுலபம். ஆனால் முதல் பதினொருவரில் பாதி லோன் என்றால், மே மாதம் அத்தனை பேரும் திரும்பிப் போனதும் அணி வெறும் கூடாக நிற்கும். வளர்த்துக் கொடுத்த லாபமும் அடுத்தவனுக்குத்தான்.

விற்கத் தெரியாமல் விற்பது

நல்ல பையன் ஒருவன் கிடைத்து, மேல் கிளப் 40,000 பவுண்ட் கொடுக்க வந்தால் முகத்தைத் திருப்பாதீர்கள். அதற்காக உடனே ஓகேவும் அடிக்காதீர்கள். அடுத்த விற்பனையில் பங்கு என்ற வரியைச் சேர்க்காமல் விற்பதுதான் கீழ் டிவிஷனின் பெரிய நட்டம். ரசிகர் அறக்கட்டளை நடத்துகிற எக்ஸிடர் சிட்டி இதற்கு நல்ல பாடம். தன் அகாடமியில் வளர்ந்த ஒல்லி வாட்கின்ஸை 2017-ல் சுமார் 18 லட்சம் பவுண்டுக்கு பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றது. 2020-ல் ஆஸ்டன் வில்லா அவரை சுமார் 2.8 கோடி பவுண்டுக்கு வாங்கியபோது, எக்ஸிடர் முன்பே போட்டு வைத்திருந்த வரியால் அந்த லாபத்திலும் பங்கு வந்தது. ரொக்கத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது 20, 30 விழுக்காடு பங்கைப் பிடித்து வாங்குங்கள்.

நீங்கள் போடுகிற கான்ட்ராக்டிலேயே குறைந்தபட்ச விடுவிப்புத் தொகையை ஏஜென்ட் கேட்டால், சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாவது அதை எடுத்துவிடப் பாருங்கள். அந்த வரி இருந்தால் பேரம் பேசுகிற வேலையே இல்லை. எவனாவது தொகையை வைத்துவிட்டு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான்.

இதே எக்ஸிடர் 2005 ஜனவரியில், ஐந்தாவது அடுக்கில் இருந்தபடி ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு 0-0 டிரா செய்தது. 67 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பார்த்த ஆட்டம்; திரும்ப ஆடிய ஆட்டத்தில் தோற்றாலும், இரண்டிலும் வந்த வசூல் கிளப்பின் கடன் தீர உதவியது. இதைப் படித்துவிட்டு "கப்பில் பெரிய டீம் வரும்" என்று பட்ஜெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 2024-25 முதல் எஃப்.ஏ. கோப்பையின் முதல் சுற்றிலிருந்தே மறு ஆட்டம் எடுக்கப்பட்டுவிட்டது. குலுக்கலில் வருகிற பணத்தை எதிர்பாராத வரவாக மட்டும் வையுங்கள். ஜூலையில் ஒரு பெரிய கிளப்பைச் சொந்த மைதானத்துக்கு நட்பு ஆட்டத்துக்குக் கூப்பிடுவது நம்பகமான வழி. அஞ்சு கோல் வாங்கினாலும் வசூல் நமக்கு.

பயிற்சி வசதி, யூத் வசதி என்று போர்டிடம் முதல் வருஷமே கேட்டு நச்சரிப்பதும் வேண்டாம். கட்டுகிற செலவோடு முடியாது, பராமரிப்புச் செலவு வருஷா வருஷம் தொடரும். ஒரு ஆளை நல்ல விலைக்கு விற்ற பிறகு கேளுங்கள். அதுவரை மார்ச் வாக்கில் வருகிற யூத் பட்டியலில் ஒருவனோ இருவரோ தேறினால் போதும்; வந்த பதினாறு பேருக்கும் கான்ட்ராக்ட் போடாதீர்கள்.

கடைசியாக, ஏப்ரலில் சாம்பியன் ஆகிவிட்டோம் என்ற குஷியில் எல்லாருக்கும் இரண்டு வருஷ நீட்டிப்பு கொடுக்கும் பழக்கம். ஆறாவது அடுக்கை ஜெயித்த பதினொருவரில் ஐந்தாவது அடுக்கில் தாக்குப்பிடிப்பவர் நாலைந்து பேர்தான். அவர்களுக்கு மட்டும் போடுங்கள். மற்றவர்களின் கான்ட்ராக்ட் அந்தக் கோடையோடு தானாகவே முடியட்டும். அப்படி முடிய வேண்டுமென்றால் முதலிலேயே ஒரு வருஷத்துக்கு மேல் கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது.