டர்ன்டேபிள் சுற்ற மறுத்தால் மோட்டாரைத் திட்டாதீர்கள்

செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையை மாடலாகச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கை வைப்பது தென்மலைப் பக்கத்துப் பதிமூன்று கண் பாலத்தில்தான். பார்க்க அழகு, ஒரே இடத்தில் நின்றால் போதும், அசைய வேண்டியதில்லை. தலைவலி அடுத்த ஆசையில் தொடங்கும். 1904-ல் திறந்த பாதை, நீராவிக் காலத்தைக் காட்டாமல் எப்படி? அதற்கு ஒரு லோகோ ஷெட் வேண்டும், ஷெட்டுக்கு முன்னால் எஞ்சினைத் திருப்ப ஒரு டர்ன்டேபிளும் வேண்டும்; வட்டக் குழிக்குள் நடு அச்சில் சுற்றும், தண்டவாளம் போட்ட சின்னப் பாலம் அது. மீட்டர்கேஜ் கடைசிக் காலத்து ஒய்டிஎம்-4 டீசலை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓட்டலாம். நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டர் கோத்த நீராவி எஞ்சினைத் திருப்பி விட்டால்தான் டிரைவருக்கு முன்னால் பாதை தெரியும்.

இதைச் செய்யப் புகுந்தவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையும், படிப்படியாகச் சுற்றும் ஸ்டெப்பர் மோட்டாரும் முதலில் வந்துவிடுகின்றன. மோட்டார் சுற்றுவதைப் பார்த்த உற்சாகத்தில் அதன் மேலேயே ஒரு பாலத்தை ஒட்டி, அதைச் சுற்றிக் குழியை வெட்டுகிறார்கள். வேலை நேர்மாறாக நடக்க வேண்டும். மோட்டார் இல்லாமல், எஞ்சினை மேலே நிறுத்தி, பாலத்தின் ஓரத்தை விரல் நுனியால் தள்ளிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றும் எங்கேயும் இறுகாமல், தலை ஆட்டாமல் போனால்தான் மோட்டார் பக்கம் போகலாம். கையால் இறுகுகிற பாலம் மோட்டாருக்கும் இறுகும்.

நீளக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெச்.ஓ. என்ற மாடல் அளவு 1:87, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. 300 மி.மீ. பாலம் நிஜத்தில் 26 மீட்டர். எஞ்சினின் முதல் சக்கரத்திலிருந்து டெண்டரின் கடைசிச் சக்கரம் வரை அளந்து, நிறுத்துவதற்குக் கொஞ்சம் இடமும் கூட்டிக்கொள்ளுங்கள். இன்று கையில் இருக்கும் எஞ்சினை மட்டும் அளப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. அடுத்த எஞ்சின் எப்போதும் நீளமாகத்தான் வரும். தண்டவாள அகலத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். மீட்டர்கேஜ் இந்த அளவில் 11.5 மி.மீ., விற்பனையில் கிடைப்பது 12. அதற்கு எஞ்சின் கிடைப்பது அரிது என்பதால் பெரும்பாலானோர் ஹெச்.ஓ.வின் வழக்கமான 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓட்டிவிட்டுச் சும்மா இருக்கிறார்கள். எனக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

அச்சில்தான் எல்லாம்

12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு ஓட்டை, அதில் ஒரு போல்ட், மேலும் கீழும் வாஷர். வழக்கமாகப் பார்க்கிற ஏற்பாடு இது. ஓட்டைக்கும் போல்ட்டுக்கும் நடுவே 0.2 மி.மீ. ஆட்டம் இருக்கிறது என்று வையுங்கள். கையால் ஆட்டினால்கூடச் சரியாகத் தெரியாது. ஆனால் அந்த ஆட்டம் 12 மி.மீ. உயரத்துக்குள் நடக்கிறது; பாலத்தின் முனை 150 மி.மீ. தள்ளி இருக்கிறது. 0.2-ஐ 12-ஆல் வகுத்து 150-ஆல் பெருக்கினால் முனையில் 2.5 மி.மீ. ஏற்ற இறக்கம். எஞ்சின் ஏறும்போது ஒரு முனை தலை குனிந்து மறுமுனை தூக்குவது இதனால்தான். வாஷரை இறுக்கினால் ஆட்டம் குறையும், பாலமும் சுற்றாது.

இரண்டு பேரிங்கை ஒன்றுக்கு மேல் ஒன்றாக, நடுவில் 50 மி.மீ. விட்டுப் பொருத்தினால், அதே 0.2 ஆட்டத்துக்கும் முனையில் 0.6 மி.மீ.தான் வரும். நல்ல பால் பேரிங்கில் அந்த 0.2-ம் இருக்காது. சைக்கிள் கடை, மோட்டார் கடை எங்கும் கிடைக்கும் 608 பேரிங் போதும். உள்வட்டம் 8 மி.மீ., வெளிவட்டம் 22. பிள்ளைகள் விரலில் சுற்றிய ஸ்பின்னரின் நடுவில் இருந்ததும் இதே பேரிங்தான். இரண்டையும் பிடிக்கும் குழாயைக் கையால் குடைய முயலாதீர்கள். லேத் பட்டறையில் கொடுத்து, “அண்ணாச்சி, ரெண்டு பேரிங்கும் ஒரே நேர்ல உக்காரணும், ராடு சும்மா வழுக்கிட்டுப் போகணும்” என்று சொன்னால் அவருக்குப் புரியும்.

அடுத்தது மையக்கோடு. தண்டவாளங்களின் நடுக்கோடு அச்சின் மேல் சரியாக உட்காராமல் அரை மி.மீ. விலகியிருந்தால், ஒரு முனையை வைத்து ஒழுங்கு செய்யும்போது தெரியாது. 180 டிகிரி திருப்பி மறுமுனையைக் கொண்டுவரும்போது விலகல் எதிர்ப்பக்கம் போகும், வித்தியாசம் 1 மி.மீ. ஆகும். சோதிப்பது சுலபம். ஒரு முனையின் நடுக்கோட்டுக்கு நேராகக் குழியின் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். பாலத்தைத் திருப்பி மறுமுனையின் நடுக்கோட்டுக்கும் ஒரு கோடு போடுங்கள். இரண்டு கோடும் ஒன்றாக விழ வேண்டும். விழாவிட்டால் இடைவெளியில் பாதி அளவுக்குத் தண்டவாளத்தை நகர்த்துங்கள். புரோகிராமில் சரிக்கட்டலாம்தான், ஆனால் ஒவ்வொரு லைனுக்கும் இரண்டு இடங்களை நினைவில் வைக்க வேண்டிய தொல்லை வரும்.

எடையை அச்சே சுமக்கட்டும். குழிக்குள் ஓடும் வட்டத் தண்டவாளமும் முனைச் சக்கரங்களும், பாலம் சாய்ந்தால் தாங்கிக்கொள்ள மட்டும் இருக்க வேண்டும். அச்சும் சக்கரமும் சேர்ந்து சுமக்க வைத்தால் வட்டத்தில் எங்கே மேடு இருக்கிறதோ அங்கே பாலம் தூக்கும்.

மின்சாரத்தில் மாட்டுகிற இடம்

பாலம் அரைச்சுற்றுச் சுற்றினால் இடது தண்டவாளம் வலது பக்கம் போய்விடும். ஷெட் லைனில் பிளஸ் இருக்கும் பக்கம் பாலத்தில் மைனஸ் வந்து நிற்கும். எஞ்சின் சக்கரம் இரண்டையும் தொட்ட கணமே ஷார்ட். இதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, பித்தளை வளையத்தை இரண்டு அரைவட்டமாகப் பிளந்து, பாலத்தின் அடியிலிருந்து தொங்கும் பிரஷ்கள் தானாகவே பக்கம் மாறும்படி செய்வது. மற்றது, சுற்றும்போதும் தொடர்பு அறாத பிளக்காத வளையம், அதாவது ஸ்லிப் ரிங் வைத்து, டிசிசி (தண்டவாளம் வழியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) ஆக இருந்தால் பிளஸ்-மைனஸைத் தானே மாற்றும் ஆட்டோ ரிவர்சர் மாட்டுவது. இரண்டையும் சேர்த்துச் செய்யத் தேவையில்லை. பிளந்த வளையத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. பிளவு, பிரஷ்ஷின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரஷ் இரண்டு பாதியையும் ஒரே நேரத்தில் தொட்டு, சுற்றும்போதெல்லாம் ஷார்ட் ஆகும். பிளவு வரும் திசையில் எந்த லைனும் இருக்கக் கூடாது.

செலவில்லாமல் ஸ்லிப் ரிங் வேண்டுமென்றால் 3.5 மி.மீ. இயர்ஃபோன் பின்னும் சாக்கெட்டும் போதும், உள்ளே எத்தனை சுற்று சுற்றினாலும் தொடர்பு அறாது. வயரை நேராக அடியில் பற்றவைத்துவிட்டு, “ரெண்டு சுத்துக்கு மேல சுத்தமாட்டேன்” என்கிறவர்கள் உண்டு. ஒருநாள் சுற்றுவார்கள், பற்று விட்டுப்போகும். டிசிசி இல்லாமல் சாதாரண டிசியில் ஓட்டுகிறவர்கள் ஷெட்டின் ஒவ்வொரு லைனுக்கும் தனி சுவிட்ச் வைக்க மறக்கக் கூடாது. இல்லாவிட்டால் பாலத்துக்கு மின்சாரம் கொடுக்கும்போது ஷெட்டிலிருக்கும் எஞ்சின்களும் கிளம்பி வந்து குழியில் விழும்.

இனி மோட்டார்

ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் எடுக்கும் மோட்டாரை நேராக அச்சில் மாட்டினால், 150 மி.மீ. ஆரத்தில் ஒரு ஸ்டெப்புக்கு முனை 4.7 மி.மீ. தாண்டும். மோட்டாரை இயக்கும் டிரைவர் பலகையில், ஒரு ஸ்டெப்பை 16 பங்காக்கும் மைக்ரோஸ்டெப் போட்டால் கணக்கில் 0.3 மி.மீ. வரும், நிஜத்தில் அவ்வளவு துல்லியமாக நிற்காது. பல் சக்கரமோ, திருகுபோல் சுற்றிப் பல் சக்கரத்தைத் தள்ளும் வார்ம் கியரோ வைத்து வேகத்தைக் குறைப்பதே சரி. வார்ம் கியருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. நின்ற பிறகு மோட்டாரின் மின்சாரத்தை அணைத்துவிடலாம், பாலம் அசையாது. மோட்டாரும் சுடாது.

மலிவான 28பிஒய்ஜே-48 மோட்டாரில் ஒரு சூது ஒளிந்திருக்கிறது. கியர் 64:1 என்பார்கள். 2048 ஸ்டெப்பில் ஒரு சுற்று என்று புரோகிராம் எழுதிவிடுவோம். பல மோட்டார்களில் உள்ளே இருப்பது 63.68:1, அதாவது சுமார் 2038 ஸ்டெப். ஒவ்வொரு சுற்றுக்கும் பத்து ஸ்டெப் பிசகும். முனையில் அது ஏறக்குறைய 4.7 மி.மீ. முதல் நாள் சரியாக நின்ற பாலம் நாலு சுற்றில் பக்கத்து லைன் பக்கம் நகர்ந்து நிற்பது இதனால்தான். குழியில் ஒரு காந்தம், பாலத்தின் அடியில் காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார் வைத்து, அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் எண்ணிக்கையைப் புதிதாகத் தொடங்கச் செய்யுங்கள். காந்தத்தை எந்தப் பக்கத்திலிருந்து நெருங்குகிறோமோ அதைப் பொறுத்துச் சென்சார் உணரும் புள்ளி மாறும், ஆகவே எப்போதும் ஒரே திசையிலிருந்தே வாருங்கள். லைனில் நிற்கும்போதும் அதே திசைப் பழக்கம் இருந்தால் கியரின் தளர்ச்சியும் கணக்கில் வராது.

லைன்களை முதலில் பதித்துவிட்டுப் பாலத்தை அதற்கேற்ப வெட்டுகிறவர்கள் அவதிப்படுவார்கள். பாலம் நின்ற இடத்துக்குத்தான் லைன் வர வேண்டும். தண்டவாள முனைகளைப் பசை மட்டும் பிடித்துக்கொள்ளாது. விளிம்பில் பித்தளை ஸ்க்ரூ அடித்து அதன் தலையில் ஈயப்பற்று வையுங்கள்.

கடைசியாக நம் ஊர் விஷயம். ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, செங்கோட்டை, தென்காசி வீடுகளில் உப்பு டப்பாவே கசியும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையின் வெட்டிய விளிம்பு அந்த ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும். மெலிந்த பிளைவுட் வளையும். கோடையில் சமமாக இருந்த பாலத் தண்டவாளமும் லைனும் ஆனி மாதம் ஒரு படி ஏறி இறங்கி நிற்கும். குழியின் வெட்டு விளிம்பு, அடிப்பக்கம் எல்லாவற்றுக்கும் வர்ணம் அடிக்கும் முன்பே பிரைமரோ வார்னிஷோ இரண்டு முறை ஓட்டிவிடுங்கள். மேலே மட்டும் பூசி அடியை விட்டால் பலகை இன்னும் அதிகமாக வளையும். உயரத்தைச் சரிபார்ப்பதை சாரல் காலத்தில் செய்யுங்கள். அச்சுக்குழாயின் கீழே ஒரு நட்டு வைத்து ஏற்றி இறக்க வழி விட்டிருந்தால், அரைத் திருகில் வேலை முடியும்.