பாஸ்போர்ட்டில் இருக்கும் 'லெட்': பழைய ஆங்கிலச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்தியப் பாஸ்போர்ட்டில் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சிடப்பட்டிருக்கிறது. எடுத்துப் படித்துப் பாருங்கள். இதை வைத்திருப்பவரை 'வித்அவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்' போக விடுங்கள் என்று அது கேட்டுக்கொள்கிறது. நமக்குத் தெரிந்த 'லெட்' அனுமதிப்பது. அப்படியானால் அனுமதி இல்லாமல் போக விடச் சொல்கிறார்களா?

இல்லை, இங்கே லெட் என்றால் தடை. பழைய ஆங்கிலத்தில் விடுவதற்கு ஒரு வினைச்சொல், தடுப்பதற்கு வேறொரு வினைச்சொல் இருந்தது. ஒலி தேயத் தேய இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. நேர் எதிரான இரண்டு பொருள் ஒரே சொல்லில் இருந்தால் பேச்சு எப்படி நடக்கும்? 'விடு' நிலைத்தது. 'தடு' சட்ட வாசகத்தில் ஒதுங்கிக்கொண்டது. டென்னிஸில் சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு விழுந்தால் நடுவர் 'லெட்' என்கிறாரே, அதுவும் இந்தத் தடைதான்.

அந்தக் கால ஆங்கில நூல்களைப் படிப்பவர்கள் அதிகம் தவறுவது இந்த மாதிரி இடங்களில்தான். முன்பின் பார்க்காத சொல் வந்தால் நாமே அகராதியைத் தேடுவோம். தெரிந்த சொல் வந்தால் நிற்காமல் போய்விடுவோம். நம் 'நாற்றம்' ஒரு காலத்தில் நறுமணத்தையும் குறித்தது. அது தெரியாமல் பழம்பாடல் படிப்பவர் எங்கே போய் நிற்பார்!

1611-இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளில் இப்படி நிறைய உண்டு. ஆதியாகமம் முதல் அதிகாரத்தில், விதை தரும் பூண்டுகளையும் கனி தரும் மரங்களையும் கடவுள் மனிதருக்கு 'மீட்' ஆகக் கொடுக்கிறார். செடி எப்படி இறைச்சியாகும்? அன்று மீட் என்றால் பொதுவாக உணவு. நம் ஊர் லட்டு, ஜிலேபியை ஆங்கிலேயர்கள் 'ஸ்வீட்மீட்' என்று எழுதியதில் இருப்பதும் அந்தப் பழைய பொருள்தான். குழந்தைகள் என்னிடம் வரட்டும் என்று இயேசு சொல்லும் இடத்தில் 'சஃபர்' என்று வரும். அங்கே துன்பம் எதுவும் இல்லை, இடம் கொடுங்கள் என்று பொருள். 'க்விக்' என்றால் உயிருள்ளது. பாதரசத்தை க்விக்சில்வர் என்பது அதனால்தான், உயிருள்ளது போல ஓடும் வெள்ளி.

ஷேக்ஸ்பியரின் ஜூலியட், மாடத்தில் நின்று 'வேர்ஃபோர்' என்று கேட்பதும் இந்த வகைதான். ரோமியோ எங்கே என்று அவள் தேடவில்லை. வேர்ஃபோர் என்றால் ஏன். நீ ஏன் ரோமியோவாக, எங்கள் குடும்பத்துக்கு எதிரியின் மகனாக இருக்க வேண்டும் என்பது அவள் ஆற்றாமை. எங்கே என்று படித்தால் அந்தக் காட்சியின் வலியே போய்விடுகிறது. அப்புறம், இதைப் பழைய ஆங்கிலம் என்று சொல்வதும் சரியல்ல. மொழி வரலாற்றில் அந்தப் பெயர் சுமார் 1100 வரை வழங்கிய மொழிக்கு உரியது. ஷேக்ஸ்பியர் எழுதியது தொடக்க கால நவீன ஆங்கிலம்.

'தௌ' என்ற சொல்லுக்கு வருகிறேன். இது மரியாதைச் சொல் என்று பலர் நினைக்கிறார்கள், தமிழ்க் கிறிஸ்தவர்கள் அப்படி நினைக்கக் காரணமும் இருக்கிறது. 23-ஆம் சங்கீதத்தில் தமிழில் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்' என்று வரும் இடத்தில் ஆங்கிலத்தில் 'தௌ' நிற்கிறது. பக்கத்தில் வைத்துப் படித்தால் தேவரீருக்குச் சமமான சொல் என்றுதான் தோன்றும். உண்மையில் தௌ என்றால் 'நீ'. 'யூ' தான் 'நீங்கள்'. மூல மொழிகளில் ஒருமை இருந்த இடத்தில் மொழிபெயர்த்தவர்களும் ஒருமையை வைத்தார்கள். பேச்சில் தௌ மறைந்து ஜெபத்தில் மட்டும் தங்கியதால், பிறகு அதற்கு ஒரு கம்பீரம் வந்துவிட்டது.

1603-இல் சர் வால்டர் ராலே மீது தேசத் துரோக வழக்கு நடந்தபோது, அரசுத் தரப்பில் வாதாடிய எட்வர்ட் கோக் அவரைத் தௌ என்று அழைத்தார், துரோகியை அப்படித்தான் அழைப்பேன் என்றும் சொன்னார். நம்மிடம் 'ஒருமையில் பேசினார்' என்று புகார் வருமே, அதேதான். ஆகவே பெரியவர் ஒருவருக்குப் பழைய பாணியில் வாழ்த்து எழுத ஆசைப்பட்டு தௌ போட்டுவிடாதீர்கள். 'எத்' விகுதியைக் கண்ட வினையில் எல்லாம் ஒட்டுவதும் தவறு. அது அவன், அவள், அது என்பதற்கு மட்டும் வரும். தௌவுக்கு 'எஸ்ட்'. செல்கிறாய், செல்கிறான் என்று பிரித்துப் பேசும் நமக்கு இது ஒன்றும் சிரமமில்லை.

சொற்பிறப்பில் நம்மவர்கள் விரும்பிச் செய்யும் தவறு ஒன்று உண்டு. 'கேஷ்' தமிழ்க் காசிலிருந்து வந்தது என்பார்கள். ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பணப்பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. நம் காசு போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து வேறொரு கேஷ் ஆனது. 80 கேஷ் ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று சென்னையில் கும்பினியார் கணக்கு எழுதியது அந்தச் சில்லறைக் காசைத்தான். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி என்று ஆங்கிலத்துக்கு நாம் உண்மையாகவே கொடுத்த சொற்கள் இருக்கும்போது இல்லாததற்கு உரிமை கோர வேண்டியதில்லை.

காக்காய் பிடிப்பதை ஆங்கிலத்தில் 'கறி ஃபேவர்' என்பார்கள். விருந்து வைத்து மயக்குவது, அதனால் நம் கறி என்று விளக்கம் சொல்வோர் உண்டு. இங்கே காலத்தைப் பார்த்தாலே போதும். ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி ஒவ்வொரு பொருளுக்கும் ஆண்டோடு பழைய மேற்கோள்களைத் தருவது இதற்காகத்தான். அந்தத் தொடர் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த பிரெஞ்சுக் கவிதையொன்றில் வரும் ஃபோவெல் என்ற குதிரையோடு தொடர்புடையது. எல்லோரும் வந்து அதைத் தேய்த்துவிட்டுத் தயவு தேடுவார்கள். 'கறி' என்பது குதிரையைத் தேய்த்துவிடும் வேலை. வாஸ்கோடகாமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தது 1498-இல்.