பிரீமியம் போனின் தொடக்க விலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

புதிய பிரீமியம் போன் ஒன்று அறிமுகமானால் தலைப்புச் செய்தியாவது அதன் தொடக்க விலைதான். அந்த விலை எத்தனை ஜிபி சேமிப்பகத்துக்கு உரியது என்பதைத் தேடித்தான் படிக்க வேண்டியிருக்கும். ஆகவே விலையைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அதற்குப் பக்கத்திலேயே ஜிபி எண்ணையும் குறித்துக்கொள்வது. இரண்டையும் சேர்த்துப் படிக்காதவரை, சென்ற முறையைவிட இந்த முறை விலை ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பதைக்கூடச் சொல்ல முடியாது.

ஐபோனின் விலைப்பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம். இங்கே தரும் விலைகள் அனைத்தும் அமெரிக்க அறிமுக விலைகள்; விற்பனை வரி சேராதவை. 2022இல் வந்த ஐபோன் 14 ப்ரோ மேக்ஸ் 1,099 டாலரில் தொடங்கியது. அடுத்த ஆண்டின் 15 ப்ரோ மேக்ஸ் 1,199 டாலரில் தொடங்கியது. நூறு டாலர் ஏற்றம் என்றுதான் தோன்றும். ஆனால் முன்னது 128 ஜிபி, பின்னது 256 ஜிபி. முந்தைய ஆண்டின் 256 ஜிபி போனும் அதே 1,199 டாலருக்குத்தான் விற்றது. விலையை ஏற்றாமல், சிறிய கொள்ளளவை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 256 வாங்கவிருந்தவருக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை. 128 போதும் என்றிருந்தவருக்கோ நூறு டாலர் கூடுதல் செலவு. 2025இல் ஐபோன் 17 ப்ரோவும், கூகுளின் பிக்சல் 10 ப்ரோ எக்ஸ்எல்லும் இதே வழியில் சென்றன. அதே 2025இல் சாதாரண ஐபோன் 17 இதற்கு நேர்மாறாக வந்தது: ஐபோன் 16 எந்த 799 டாலருக்கு 128 ஜிபியைத் தந்ததோ, அதே 799 டாலருக்கு 17 தந்தது 256 ஜிபி. 16இன் 256 ஜிபி 899 டாலர் என்பதால், இதை மறைமுகமான நூறு டாலர் குறைப்பு என்றே கொள்ள வேண்டும். எனவே புதிய போனின் தொடக்க விலையைப் பழைய போனின் தொடக்க விலையோடு ஒப்பிடாமல், ஒரே கொள்ளளவுக்கு அன்று என்ன விலை, இன்று என்ன விலை என்று ஒப்பிடுவதே சரியான முறை.

அடுத்ததாக, ஒரு படி மேலே போவதற்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஐபோன் 16இல் 128இலிருந்து 256க்குச் செல்ல 100 டாலர். அதாவது கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு ஜிபிக்கும் ஏறத்தாழ 78 சென்ட். அதே ஆண்டு வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்24இல் அதே படிக்கு 60 டாலர்தான். ஜிபிக்கு 47 சென்ட். தொடக்க விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், வேறுபாடு இந்த இரண்டாவது படியில்தான் தெரியவருகிறது. படிகளை அமைப்பதிலும் ஒரு வணிகக் கணக்கு உண்டு. 2014இல் ஐபோன் 6 வந்தபோது 16, 64, 128 ஜிபி என மூன்று அளவுகள் இருந்தன. நடுவில் வர வேண்டிய 32 மட்டும் இல்லை. 16 திணறும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. நூறு டாலர் கூடுதலாகக் கொடுத்தால் நான்கு மடங்கு இடம் என்றால் யார்தான் 16ஐ எடுப்பார்கள்? விளம்பரத்தில் விலையைக் குறைத்துக் காட்டவே அந்த 16 இருந்தது என்பது என் எண்ணம். இன்றும் ஒரு பட்டியலில் அடிப்படை அளவு பொருந்தாமல் சிறிதாக இருந்தால், நிறுவனம் நம்மிடம் விற்க நினைப்பது அடுத்த அளவைத்தான் என்று கொள்ளலாம்.

இனி, பெட்டியில் எழுதியிருக்கும் ஜிபியில் நம் கைக்கு வருவது எவ்வளவு என்ற கேள்வி. உற்பத்தியாளர்கள் ஆயிரத்தின் மடங்காகக் கணக்கிடுகிறார்கள். சில மென்பொருள்கள் 1,024இன் மடங்காகக் கணக்கிடுகின்றன. அதனால்தான் 128 ஜிபி என்று வாங்கியது சில இடங்களில் 119 என்று காட்டுகிறது. இது ஏமாற்று அன்று, அளவுகோல் வேறு, அவ்வளவுதான். உண்மையாகவே குறைவது இயங்குதளத்துக்கும் உடன் வரும் செயலிகளுக்கும் போகும் பங்கு. அது பத்து ஜிபியைத் தாண்டுவது இன்று சாதாரணம். போனுக்குள்ளேயே இயங்கும் செயற்கை நுண்ணறிவு வசதிகள் வந்தபின் இந்தப் பங்கு இன்னும் பெருத்திருக்கிறது; ஆப்பிள் இன்டெலிஜென்ஸுக்கு மட்டும் 7 ஜிபி காலியிடம் கேட்கப்படுகிறது. மீதி அனைத்தையும் நிரப்பிவிடவும் கூடாது. போனின் சேமிப்பகமான ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய தரவின் மேலேயே புதியதை எழுத முடியாது. ஒரு தொகுதியை முழுவதுமாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். அதற்கு மாற்றி வைக்கக் காலித் தொகுதிகள் தேவை. அவை இல்லாதபோது போன் மெதுவாகும், புதுப்பித்தல்களும் பாதியில் நிற்கும். பத்தில் ஒரு பங்கையாவது எப்போதும் காலியாக விட்டுவைப்பது நல்லது.

இவ்வளவும் தெரிந்தபின், 128 போதுமா, 256 வேண்டுமா என்பதைப் பிறரிடம் கேட்க வேண்டியதில்லை. இப்போது கையில் இருக்கும் போனே பதில் சொல்லும். அமைப்புகளில் சேமிப்பகம் என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மூன்று ஆண்டுகள் பயன்படுத்திய போனில் 92 ஜிபி நிரம்பியிருக்கிறது, அதில் 20 இயங்குதளம், 24 அதற்கு முந்தைய போனிலிருந்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த மூன்று ஆண்டுகளில் சேர்ந்தது 48 ஜிபி, ஆண்டுக்கு 16. புதிய போனை நான்கு ஆண்டுகள் வைத்திருக்க நினைத்தால், கொண்டுசெல்லும் 72, சேரப்போகும் 64, இயங்குதளத்துக்கு 20, ஆக மொத்தம் 156 ஜிபி. 128 போதாது, 256இல் தாராளமாக இடம் இருக்கும். 512ஐ நினைத்துப் பார்க்க வேண்டியதே இல்லை. இந்தக் கணக்கைப் போடுவதற்கு முன் வாட்ஸ்அப் எடுத்திருக்கும் இடத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐபோனில், வரும் படங்கள் தாமாகவே புகைப்படத் தொகுப்பில் சேமிக்கப்படும்படி வைத்திருந்தால், ஒரே காலை வணக்கப் படம் இரண்டு இடங்களில் குடியிருக்கும். அந்தக் குப்பைக்காக 100 டாலர் கொடுப்பதைவிட ஒரு மாலைப்பொழுதைச் செலவிட்டு அதை அழித்துவிடலாம்.

கணக்கைத் தலைகீழாக்கக்கூடியது ஒன்றே ஒன்று: காணொளி. ஐபோனில் ஒரு நிமிடப் பதிவுக்கு, நொடிக்கு 30 சட்டங்கள் கொண்ட 1080பி ஏறத்தாழ 60 எம்பி எடுக்கும். நொடிக்கு 60 சட்டங்கள் கொண்ட 4கே ஏறத்தாழ 400 எம்பி எடுக்கும். மகளின் இருபது நிமிட மேடை நடனத்தை முதல் வகையில் எடுத்தால் 1.2 ஜிபி, இரண்டாவதில் எடுத்தால் 8 ஜிபி. பழைய போனில் 1080பியில் எடுத்துவந்தவர் புதிய போனில் 4கேவுக்கு மாறினால், மேலே போட்ட ஆண்டுக் கணக்கு செல்லாது. தொழில்முறைப் பதிவான ப்ரோரெஸ் 4கேயில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 ஜிபியை விழுங்கும். அதை நாடுபவர் அடிப்படை அளவின் பக்கமே போகக் கூடாது.

போக விரும்பினாலும் சில வேளைகளில் விட மாட்டார்கள். ஐபோன் 13 ப்ரோவின் 128 ஜிபி போனில் ப்ரோரெஸ் 1080பிக்கு மேல் பதிவாகாது; 256இலும் அதற்கு மேற்பட்டவற்றிலும்தான் 4கே. கேலக்ஸி எஸ்23இன் 128 ஜிபி போனில் யூஎஃப்எஸ் 3.1 வகை நினைவகமும், 256இல் அதைவிட வேகமான யூஎஃப்எஸ் 4.0 வகையும் இருந்தன. அன்றாடப் பயன்பாட்டில் இந்த வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவது அரிது என்றாலும், தெரிந்துகொண்டு வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு. ஒன்பிளஸ் 12இல் சேமிப்பகத்தோடு ரேமும் சேர்ந்து ஏறியது: 12 ஜிபி ரேமோடு 256, 16 ஜிபி ரேமோடு 512. ஆகவே விவரக்குறிப்புப் பட்டியலில் ஒவ்வொரு கொள்ளளவுக்கும் உரிய வரியைத் தனித்தனியாகப் படிக்க வேண்டும்.

பிறகு மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாம் என்ற பழைய சமாதானம் இப்போது பெரும்பாலும் செல்லாது. ஐபோனில் அந்த வசதி என்றுமே இருந்ததில்லை. கேலக்ஸி எஸ் வரிசை 2021இல் எஸ்21உடன் அதைக் கைவிட்டது. மேகச் சேமிப்பை நம்பலாம் என்றால், இலவசமாகக் கிடைப்பது ஆப்பிளிடம் 5 ஜிபி. கூகுளிடம் மின்னஞ்சல், கோப்புகள், புகைப்படங்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து 15 ஜிபி. கூகுள் போட்டோஸின் வரம்பற்ற இலவசச் சேமிப்பு 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்துபோனது. அமெரிக்காவில் ஆப்பிளின் மேகச் சேமிப்பான ஐகிளவுடின் 200 ஜிபி திட்டத்துக்கு மாதம் 2.99 டாலர், நான்கு ஆண்டுகளில் 143 டாலரைத் தாண்டும். இடப் பற்றாக்குறைக்காக மட்டும் இதை எடுப்பதைவிட, வாங்கும்போதே 100 டாலர் கூடுதலாகக் கொடுப்பது மலிவு. போன் தொலைந்தாலும் படங்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக எடுப்பவருக்கு அது வேறு செலவு; எந்தக் கொள்ளளவை வாங்கினாலும் அதற்குத் தேவை உண்டு. போனோடு இணைக்கும் வெளிச் சேமிப்புக் கருவியான எஸ்எஸ்டிக்கு மாற்றிக்கொள்வதும் ஒரு வழிதான். ஆனால் ஐபோன் 15, 16 போன்ற சாதாரண மாடல்களின் யூஎஸ்பி-சி துளை, நொடிக்கு 480 மெகாபிட் என்ற பழைய வேகத்தில்தான் இயங்குகிறது. 100 ஜிபியை நகர்த்த, காகிதக் கணக்கிலேயே அரை மணி நேரம் ஆகிவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் முன்பதிவுச் சலுகைகளையும் பார்த்துவிடுங்கள். 256இன் விலைக்கே 512 என்ற வகைச் சலுகையைச் சாம்சங் பலமுறை அறிமுக வாரங்களில் தந்திருக்கிறது. அப்போது அந்தப் படியின் விலை சுழியம்தான். போன் கைக்கு வந்ததும், பழைய போனிலிருந்து எதையும் மாற்றுவதற்கு முன் அமைப்புகளில் மொத்தக் கொள்ளளவைச் சரிபார்த்து, பெட்டியின் மேலுள்ள எண்ணோடும் விலைச்சீட்டோடும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். தவறான கொள்ளளவு வந்திருந்தால், தரவு எதுவும் ஏற்றாத நிலையில் திருப்பிக் கொடுப்பது எளிது.